கோலாலம்பூரில் இறங்கியபின் அம்மாவை யார் அழைத்துப்போவது?

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வயதான பெற்றோரைக் கோலாலம்பூருக்கு அனுப்பி வைக்கிறவர்கள், விமான டிக்கெட்டுக்கு ஊரில் உள்ள எல்லாச் செயலிகளிலும் விலை பார்க்கிறார்கள். ஹோட்டல் அறையில் ஜன்னல் உண்டா, காலைச் சிற்றுண்டியில் இட்லி உண்டா என்று இரவெல்லாம் ஆராய்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அந்த ஹோட்டலுக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்டால் மட்டும், "அங்கே போய் ஒரு டாக்சி பிடித்துக்கொள்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பயணத்திலேயே கடினமான இரண்டு மணி நேரம் அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் ஆகியோருக்கு விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை ஒரு தனிக் காரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அது பணக்காரர்களின் பழக்கம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். தனியாக, தோளில் ஒரு பையோடு போகிற இளைஞருக்கு இது தேவையே இல்லை. அவர் ரயிலில் போகட்டும்.

கோலாலம்பூர் விமான நிலையம் ஊருக்குள் இல்லை என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 1998-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் செப்பாங்கில் இருக்கிறது. நகர மையத்துக்குச் சாலை வழியாகக் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். திருச்சியில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் டவுன் பஸ்ஸே நிற்கும். மீனம்பாக்கத்தில் மெட்ரோ இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு போகிறவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள். அதிலும் நம் ஊரிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பும் விமானங்களில் போனால், நான்கு மணி நேரப் பறத்தல். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கும்போது அங்கே பொழுது விடியும் நேரம். உடம்புக்கோ அது இன்னும் பின்னிரவு. தூக்கம் இல்லாத கண்ணும், இரவு மாத்திரையைப் போடலாமா காலை மாத்திரையைப் போடலாமா என்ற குழப்பமுமாக நிற்கிற எழுபது வயதுப் பெரியவரிடம் "டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

ரயில் மலிவு என்று பலர் எழுதுகிறார்கள். ஒருவருக்கு அது உண்மை. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் அருமையான ரயில். முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் நகரின் பிரதான ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட். நான்கு பெரியவர்கள் போனால் 220 ரிங்கிட் ஆகிறது. அது முடியும் இடம் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல். உங்கள் ஹோட்டல் கடைவீதிப் பகுதியான புக்கிட் பிந்தாங்கில் இருந்தால் அங்கிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இன்னொரு வண்டி தேட வேண்டும். நான்கு பேர் ஒரு காரில் ஏறினால் இதைவிடக் குறைவாகவே ஹோட்டல் வாசலில் இறங்கலாம். அப்படியிருக்க, தனிக் காரை ஆடம்பரம் என்பவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

போனிலேயே கார் அழைக்கிற கிராப் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். சாதாரண நேரத்தில் நகரத்துக்கு 65 முதல் 100 ரிங்கிட்டுக்குள் ஒரு கார் கிடைத்துவிடும். 2019 முதல் இந்தச் செயலி வழி ஓட்டுநர்கள் எல்லாரும் பயணிகள் வாகனத்துக்கான தனி உரிமம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குக் கையில் இணைய வசதியுள்ள போன் வேண்டும். எந்தத் தளம், எந்தக் கதவு என்று படித்துப்போக வேண்டும். வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கார்களில் எண்பலகையைப் பார்த்துத் தேட வேண்டும். என் அம்மாவால் இது முடியாது. உங்கள் அம்மாவால் முடியுமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். முடியாமல் தயங்கி நிற்பவர்களைத் தேடித்தான் வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று அருகில் வந்து பேசுகிற தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்றிவிடுவது, உள்ளூரில் கெரேத்தா சாப்பு என்கிற, அனுமதியில்லாத கார்களில். யார் வந்து கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

சரி, கார் பதிவு செய்வது என்றால் யாரிடம்? பலர் இங்கேதான் பணத்தையும் நிம்மதியையும் இழக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது உலகம் முழுவதும் கார் தருகிறோம் என்கிற இடைத்தரகு தளங்கள். அவர்களிடம் ஒரு காரும் கிடையாது. நீங்கள் கட்டும் பணத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு வேலையைத் தள்ளிவிடுவார்கள். அந்த நிறுவனத்திடம் அன்று வண்டி இல்லையென்றால் அது இன்னொருவருக்குத் தள்ளும். கடைசியில் காரை ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு உங்கள் பெயரும் விமான எண்ணும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது. என் அக்கா குடும்பத்துக்கு நடந்தது இதுதான். முழுப் பணமும் முன்பே கட்டியாகிவிட்டது. விமானம் கொஞ்சம் தாமதம், குடிநுழைவு வரிசை நீளம். வெளியே வந்து பார்த்தால் பெயர்ப் பலகையோடு யாரும் இல்லை. உறுதிச்சீட்டில் இருந்த எண்ணை அழைத்தால், வேறு ஏதோ ஒரு நாட்டில் இருந்து ஒருவர் பேசினார். "ஓட்டுநர் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார், காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது, பணம் திரும்பாது" என்றார். அக்காள் பேரன் டிராலியில் பெட்டிகளின் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தான். விமான நிலையத்தின் டாக்சிக் கவுன்டரில் கூப்பன் வாங்கி, இரண்டாம் முறை பணம் கொடுத்துத்தான் ஹோட்டலுக்குப் போனார்கள்.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது, நடுவில் இருக்கும் கைகளைக் குறையுங்கள். தங்கப்போகும் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் எழுதிக் காருக்கு என்ன விலை என்று கேளுங்கள். சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் கார் வரவில்லை என்றால் வரவேற்பறையில் இருக்கிற மனிதரைக் கேட்கலாம். அவருக்கு உங்களை அன்று மாலையும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. அல்லது அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த, உரிமம் உள்ள உள்ளூர் வாகன நிறுவனத்திடம் நேரே பேசுங்கள். ஓட்டுநரின் பெயர், காரின் எண், அவரது வாட்ஸ்அப் எண் மூன்றும் முந்தின நாளே கைக்கு வர வேண்டும். விமானம் ஏறும்வரை "ஓட்டுநர் விவரம் பிறகு தருகிறோம்" என்று இழுக்கிறவர்களை நம்பாதீர்கள்.

விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது காத்திருப்பு நேரம். 45 நிமிடம் என்பார்கள், 60 என்பார்கள், 90 என்பார்கள். எந்த நொடியிலிருந்து என்று கேளுங்கள். பதிவில் எழுதிய நேரத்திலிருந்தா, விமானம் உண்மையில் தரையிறங்கிய நேரத்திலிருந்தா? இரண்டாவதாக இருந்தால் மட்டுமே பதிவு செய்யுங்கள். விமான எண்ணைக் கேட்காமல் நேரத்தை மட்டும் கேட்கிற நிறுவனம் உங்கள் விமானத்தைக் கவனிக்கப்போவதில்லை என்று பொருள். முதல் முனையத்தில் துணைக் கட்டடத்தில் இறங்குகிறவர்கள் பிரதான கட்டடத்துக்கு வர ஏரோடிரெயின் என்கிற ரயில் உண்டு. அது 2023 மார்ச்சில் நின்றுபோய் 2025 ஜூலை 1-இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இடையில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். இப்படி எதுவும் நடக்கலாம். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை ஊரிலேயே நிரப்பாமல் வந்தவர்கள் கூடத்தின் ஓரத்தில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதை வருகைக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.

வண்டியின் அளவு இன்னொரு தொல்லை. "ஏழு பேர் அமரலாம்" என்று போட்டிருக்கும் வண்டியில் ஏழு பேரும் அமர்ந்தால் பெட்டி வைக்க இடம் கிடையாது. கடைசி இருக்கையை மடக்கினால்தான் பின்னால் இடம் வரும். மைவி போன்ற சிறிய காரில் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் ஏறாது. நம் வீடுகளிலிருந்து போகிற பெட்டிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். முறுக்கு டின், மசாலாப் பொடி, பேத்திக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் சேர்ந்து தலைக்கு இரண்டு. ஆட்களை எண்ணுவதோடு பெட்டிகளையும் எண்ணி எழுதுங்கள். சாலைச் சுங்கக் கட்டணம் விலையில் சேர்ந்ததா, விமான நிலைய வாகன நிறுத்தக் கட்டணம் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மீட்டர் டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை 50 சதவீதம் கூடும். அதைப் பார்த்துத் தனிக் கார்க்காரர்கள் சிலரும் இரவுக் கட்டணம் கேட்பார்கள்.

எனக்கு மிகவும் மனநிறைவு தந்த ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர்ப் பலகைகளை ஏந்தி வரிசையாக நிற்கும் கூட்டத்தில் அவர் தன் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஓட்டுநரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன், அம்மா பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டு வர முடியுமா என்று. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் அவர். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்பது நினைவிருக்கட்டும். கறுப்பு மார்க்கர் பேனாவால், ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், கொம்பும் காலும் தெளிவாக எழுதிப் படம் எடுத்து முந்தின இரவே அனுப்பினார். அந்தப் படத்தை அம்மாவின் போனில் போட்டுக் காட்டிவிட்டு விமானம் ஏற்றினேன். அங்கே இறங்கிய பிறகு அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்து நேராக நடந்து போயிருக்கிறார். "பெட்டியை விடுங்கள் அம்மா, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஓட்டுநர் சொன்னதைத்தான் அம்மா போனில் முதலில் சொன்னார்.

தேதியிலும் தடுமாற்றம் வரும். 11-ஆம் தேதி இரவு இங்கே கிளம்பினால் கார் 12-ஆம் தேதிக்கு. முனையமும் அப்படியே: ஏர் ஏசியா இரண்டாம் முனையம், பாடிக் ஏர் முதல் முனையம். ஒரே பெயரில் நகரத்தில் இரண்டு மூன்று ஹோட்டல்கள் உண்டு. தெருப் பெயரோடு முழு முகவரியைக் கொடுங்கள்.

காலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஹோட்டல் அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது அலுவலக நேர நெரிசல் தொடங்கியிருக்கும். அதில் ஊர்ந்துபோய் ஒன்பது மணிக்கு ஹோட்டலில் இறங்கினால், ஐந்தாறு மணி நேரம் வரவேற்பறைச் சோபாவில்தான். அறை சீக்கிரம் கிடைக்குமா என்று ஹோட்டலைக் கேட்டுப் பாருங்கள்; கிடைக்காதென்றால் அதே காரை மணிக்கணக்கில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகனை நின்று பார்த்துவிட்டு வரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் 272 படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெட்டிகள் காரிலேயே இருக்கும். சாதாரண கிராப் சவாரியில் இந்த வசதி இராது. தைப்பூசச் சமயத்தில் மட்டும் இதை எண்ணாதீர்கள். அந்தப் பக்கத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

ஓட்டுநரின் பக்கத்தையும் பேசியாக வேண்டும். ஆறு மணி விமானத்துக்கு அவர் நான்கு மணிக்கு எழுந்து வருகிறார். விமானம் தாமதமானால் அவருக்கு அந்தக் காலைப்பொழுதின் அடுத்த சவாரி போய்விடுகிறது. விலையை அடித்துப் பேசி இருபது ரிங்கிட் குறைத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள், அந்த இருபது யார் பையிலிருந்து போகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். தாமதம் தெரிந்த உடனேயே அவருக்கு ஒரு செய்தி அனுப்புவது நம் கடமை.

கடைசியாக, திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிற பயண முகவர்களுக்கு. டிக்கெட் போடுகிறீர்கள், ஹோட்டல் போடுகிறீர்கள், காப்பீடு விற்கிறீர்கள். பயணியின் பிறந்த ஆண்டு உங்கள் கணினித் திரையிலேயே தெரிகிறது. எழுபது வயதுத் தம்பதியருக்கு அதிகாலையில் போய் இறங்கும் டிக்கெட்டைப் போட்டுக் கொடுக்கும்போது, "அங்கே யார் அழைக்க வருகிறார்கள்?" என்று நீங்களாக ஒரு கேள்வி கேளுங்கள். யாருமில்லை என்றால், கோலாலம்பூரில் நீங்கள் பொறுப்பேற்கக்கூடிய ஓட்டுநர் ஒருவரின் எண்ணை டிக்கெட்டோடு சேர்த்து அச்சடித்துக் கொடுங்கள். அதற்கு நியாயமான கட்டணம் வாங்குங்கள், தருகிறோம்.