பொட்டலம் வேண்டும், கொடுத்தவர் பெயர் வேண்டாம்

போர்க்காலத்தில் படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுக்க ராணுவங்கள் என்ன செய்தன என்று பேச்சு வந்தால், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் சுவரொட்டிகளையும் பெனிசிலினையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதல் உலகப் போரில் நடந்ததுதான் அதைவிட முக்கியம் என்பேன்.

அப்போது பெனிசிலின் கிடையாது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்தால் பாதரசம், ஆர்சனிக் ஊசி, வாரக்கணக்கில் படுக்கை. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகளில் போர் ஆண்டுகளில் இந்த நோய்களுக்காக மட்டும் சுமார் 4 லட்சம் முறை ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் குண்டடி படாமலே படுத்தால் தளபதிகளுக்குக் கவலை வராதா? வந்தது. உபதேசம் செய்தார்கள், படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். சம்பளம் போகும் என்றால் எவன் வெளியே சொல்வான்? மறைத்தான், பரப்பினான்.

இந்த இடத்தில்தான் எட்டி ரவுட் வருகிறார். நியூசிலாந்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர், மருத்துவர் அல்ல. 1915-இல் பெண் தொண்டர்களைத் திரட்டி எகிப்துக்கு அனுப்பினார், பிறகு தானும் போனார். அங்கே வீரர்களிடையே நோய் பரவியிருந்ததைப் பார்த்தவர், இதைப் பாவ புண்ணியக் கணக்காகப் பார்க்காமல் மருத்துவப் பிரச்சினையாகப் பார்த்தார். 1917-இல் லண்டன் போய் ஒரு பொட்டலம் தயாரித்தார். ஆணுறை, பாதரசம் கலந்த கேலமல் களிம்பு, கழுவுவதற்குப் பெர்மாங்கனேட். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நியூசிலாந்து ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. விடுப்பில் போகும் ஒவ்வொருவருக்கும் இலவசம், வாங்கியே ஆக வேண்டும். ஆனால் ரவுட்டின் பெயரைப் பத்திரிகையில் போட்டால் 100 பவுண்டு வரை அபராதம் என்று அதே நாட்டு அரசு உத்தரவு போட்டது! ஊரில் இருந்த கௌரவமான பெண்மணிகள் பிரதமர் மாஸியிடமே போய், இவர் நடத்தும் வீரர் மன்றத்தை நிறுத்தச் சொல்லி முறையிட்டார்கள்.

ரவுட் அசரவில்லை. 1918-இல் பாரிஸ் ரயில் நிலையத்தில் நின்று, வந்திறங்கும் வீரர்களிடம் அட்டை கொடுத்தார். மேடம் இவோன் என்பவர் சுகாதாரமாக நடத்திய பாலியல் தொழில் விடுதியின் முகவரி அதில் இருந்தது. ரவுட்டை மெச்சுகிற எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. அந்த விடுதியில் இருந்த பெண்கள் ஏற்பாட்டின் ஒரு பாகம், அவ்வளவே. அவர்களுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்?

அமெரிக்காவை ஒப்பிட்டால் ரவுட் எவ்வளவோ மேல். அமெரிக்க ராணுவம் அந்தப் போரில் ஆணுறை தரவில்லை. போய்விட்டு வந்தபின் சிகிச்சை நிலையத்துக்கு வா, வராமல் நோய் வந்தால் தண்டனை என்றது. உள்நாட்டிலோ, முகாம்களைச் சுற்றி இருந்த பெண்களைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் பரிசோதித்து ஆயிரக்கணக்கில் அடைத்தார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிமலை, திருச்சி, நீலகிரியின் வெலிங்டன் என்று வெள்ளைக்காரப் படை இருந்த இடங்களில், பெண்களைப் பதிவு செய்து, பரிசோதித்து, நோய் இருந்தால் பூட்டி வைக்கும் லாக் ஆஸ்பத்திரிகள் இருந்தன. வீரனைப் பரிசோதிக்கும் வழக்கத்தை 1859-லேயே பிரிட்டிஷ் ராணுவம் கைவிட்டிருந்தது. அவனுடைய தன்மானம் கெடுகிறதாம்! பெண்ணுக்கு அந்தப் பேச்சே இல்லை.

அதனால்தான் அந்தப் பொட்டலத்தின் பக்கம் நிற்கிறேன். நோயைத் தடுக்கும் பொறுப்பை அது வீரன் கையிலேயே கொடுத்தது. ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அன்று சொன்னார்கள், ஆணுறை பற்றிப் பேசினால் இன்றும் சொல்கிறார்கள். சம்பளப் பிடித்தம் யாரை ஒழுக்கமாக்கியது?

போர் முடிந்த பிறகு, கருத்தடையையும் நோய்த் தடுப்பையும் பெண்களுக்கு விளக்கி ரவுட் 1922-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆண்களுக்கு அந்தப் பொட்டலத்தைக் கட்டாயமாகக் கொடுத்த நியூசிலாந்து, புத்தகத்தைத் தடை செய்தது.