ஷேக்கா, ஷேப்பா, ஷேவா?

என் தம்பி வேர்டில் ஆட்டத்தில் தோற்றுவிட்டான். நூறு நாள்களுக்கு மேல் விடாமல் வென்று வந்தவன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் துக்கம் விசாரிக்காத குறைதான். "என் ஆங்கிலம் இவ்வளவுதான் போல அக்கா" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆடாதவர்களுக்காக: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று மறைந்திருக்கும். கண்டுபிடிக்க ஆறு வாய்ப்புகள். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் உண்டு ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல்.

தம்பி முதலில் ஹவுஸ் என்று போட்டான், அடுத்து ஷேக். இரண்டாவது வரியிலேயே நான்கு பச்சை! எஸ், எச், ஏ, ஒரு காலிக் கட்டம், கடைசியில் இ. படத்தைக் குழுவில் போட்டு மார்தட்டிக்கொண்டான். அதன் பிறகு ஷேம், ஷேட், ஷேப், ஷேர். வாய்ப்பு தீர்ந்தது. விடை ஷேவ்.

வெட்கம், நிழல், வடிவம், பங்கு, சவரம். இதில் எந்தச் சொல் அவனுக்குத் தெரியாது? தினமும் காலையில் செய்கிற காரியமே விடையாக இருந்திருக்கிறது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜோஷ் வார்டில், தன் இணையர் பாலக் ஷாவுக்காகத்தான் முதலில் இதைச் செய்தார். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களைப் பாலக் சலித்து, விடைகளாக வரத் தக்கவை என ஏறத்தாழ 2,500 சொற்களை மிச்சம் வைத்தார். 2021 நவம்பர் முதல் நாளில் 90 பேர் ஆடினார்கள், இரண்டே மாதத்தில் மூன்று லட்சம் பேர். பிறகு நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அந்தச் சல்லடைதான் இத்தனை பேரை உள்ளே இழுத்தது என்பது என் எண்ணம். புரியாத சொல்லிடம் தோற்பவர்கள் குறைவு. தெரிந்த சொற்களின் கூட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனேன், சுவையாக இருந்தது. ஷேல் என்னும் களிப்பாறையையும் சேர்த்தால் இந்த அச்சில் எனக்குத் தெரிந்து ஏழு சொற்கள். பெரும்பாலும் எல்லாமே பழைய ஆங்கிலச் சொற்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இவை ஒரே போலத்தான் தொடங்கின: எஸ், சி, இ, ஏ என்று எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுத்து வழக்கம் மாறியது. எஸ், சி இருந்த இடத்துக்குக் காலப்போக்கில் எஸ், எச் வந்தது. சொற்களின் வால்கள் வேறு வேறாக இருந்தன. அவை தேய்ந்து ஒரே இ ஆயின. பிறகு அந்த இ-யின் ஒலியும் போய், எழுத்து மட்டும் நின்றுவிட்டது. ஒரே தெருவில் பிறந்து, ஒரே சீருடை தைத்துக்கொண்ட பிள்ளைகள்.

கிரேப் கூட்டத்தின் கதை வேறு. ஜி, ஆர், ஏ, காலி, இ: அருள், தரம், திராட்சை, துருவுதல், கல்லறை, மேய்தல் என ஆறு சொற்கள். பாதிக்கு மேல் பிரெஞ்சு வழி வந்தவை. மேய்தலும் கல்லறையும் மட்டும் உள்ளூர்க்காரர்கள். அந்தக் கல்லறைச் சொல்லுக்கே 'கடுமையான' என்று இன்னொரு பொருள் உண்டு, அது பிரெஞ்சிலிருந்து வந்து இதே உருவத்தில் ஒட்டிக்கொண்டது. தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த ஆறும் நான்காகிவிடும் என்பது தனி வேடிக்கை. அருளும் கிரேஸ், மேய்தலும் கிரேஸ். தரமும் கிரேட், துருவுதலும் கிரேட்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். தம்பி ஆடுவது 'கடின முறை'. கிடைத்த துப்புகளை அடுத்த வரியில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். பச்சையை அசைக்கக் கூடாது. அப்படி வென்றால் முடிவோடு ஒரு நட்சத்திரக் குறி சேரும். அந்த நட்சத்திரத்தை அவன் பதக்கம் போல் குத்திக்கொண்டு திரிகிறான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஷேக் தவறு என்று தெரிந்தபின் மிச்சம் ஆறு சொற்கள், கையில் நான்கு வாய்ப்புகள். கடின முறையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆங்கிலப் பேராசிரியர் வந்து உட்கார்ந்தாலும் அதே மூன்றில் இரண்டுதான், நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் அதேதான். இதில் எங்கே இருக்கிறது திறமை? லாட்டரிச் சீட்டைச் சுரண்டுவதற்குக் கடினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாதாரண முறையில் ஒரு வரியைத் தியாகம் செய்யலாம். கிளம்ப் என்று ஒரு சொல், புதர்க் கொத்து என்று பொருள். (தமிழில் எழுதினால் யாரையோ விரட்டுவது போல இருக்கிறது.) விடை அதுவல்ல என்று தெரிந்தே போட வேண்டும். அதில் எல், எம், பி மூன்றும் இருக்கின்றன. எல் மஞ்சளானால் ஷேல், எம் பச்சையானால் ஷேம், பி மஞ்சளானால் ஷேப். மூன்றும் சாம்பல் என்றால் மிச்சம் ஷேட், ஷேர், ஷேவ் மட்டும். கையிலும் மூன்று வாய்ப்புகள். தோற்கவே முடியாது. நான்கு பச்சையைப் பார்த்த பிறகும் அவற்றைத் தொடாமல், வேண்டுமென்றே தவறான சொல்லைப் போடுவதற்கு ஒரு மனக்கட்டுப்பாடு வேண்டும். எனக்கே அது வர மாதக்கணக்கானது. கடினம் என்று பெயர் வைப்பதாக இருந்தால் இதற்கு வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் தம்பிக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லாமல், அந்தச் சொல்லை மட்டும் குழுவில் அனுப்பினேன்.

"அதில் எஸ்கூட இல்லையே, அக்கா" என்று பதில் வந்தது.