ஊசியை எடுத்துவிட்டாலும் மெர்டேகா 118தான் உயரம்

கோலாலம்பூரின் மெர்டேகா 118 கட்டடம், உச்சியில் நிற்கும் ஊசியால்தான் உயரமாகிவிட்டது; அதைக் கழற்றினால் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமே பெரியது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

மெர்டேகா 118-இன் மொத்த உயரம் 678.9 மீட்டர். அதில் ஊசிமுனை மட்டும் ஏறக்குறைய 160 மீட்டர். அதை முழுவதுமாகக் கழித்தாலும் 500 மீட்டருக்கு மேல் மிஞ்சுகிறது. பெட்ரோனாஸோ தன் ஊசிகளையும் சேர்த்தே 451.9 மீட்டர்தான்.

பகிரப்படும் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பூங்காவிலிருந்து எடுத்தது அது. மெர்டேகா 118 தொலைவில், பழைய மெர்டேகா விளையாட்டரங்கின் அருகே நிற்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊசியைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றால் அதிகம் இழப்பது பெட்ரோனாஸ்தான். 1998-இல் அது உலகின் மிக உயரமான கட்டடமானதே அந்த ஊசிகளால்தான். அதுவரை முதலிடத்தில் இருந்த சிகாகோவின் சியர்ஸ் டவருடைய கூரை 442 மீட்டரில் இருந்தது. பெட்ரோனாஸின் கடைசித் தளமோ 375 மீட்டரில். கட்டட வடிவமைப்பின் பகுதியான ஊசிமுனை சேரும், பின்னால் பொருத்தும் ஆன்டெனா சேராது என்பதே விதி. அதனால் சியர்ஸ் டவரின் ஆன்டெனாக்கள் கணக்கில் வரவில்லை. அன்று பெட்ரோனாஸுக்குப் பட்டம் தந்த அதே விதிதான் இன்று மெர்டேகாவையும் அளக்கிறது.

இரட்டைக் கோபுரத்தின் அழகை நானும் மனதார விரும்புகிறேன். 41, 42-ஆம் தளங்களை இணைக்கும் அந்தப் பாலம் ஒன்றே போதும். அதற்குப் பொய்யான உயரம் தேவையில்லை.