பச்சை வண்ணம் பூசிய வரைபடம் நிலப்பறிப்பு அல்ல

இங்கிலாந்தில், எங்கெங்கே இயற்கையைக் காக்கலாம், மீட்கலாம் என்று காட்டும் உள்ளூர் இயற்கை மீட்பு வரைபடத்தில் வண்ணமிட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும், இனி அங்கே உழவோ கட்டவோ முடியாது என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு.

2021 சுற்றுச்சூழல் சட்டத்தின்படி நாடு 48 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் தயாராகிறது. அதில் இரண்டு அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, இப்போதே முக்கியமான வாழிடங்கள்: சிறப்பு அறிவியல் ஆர்வத் தளங்கள் (SSSI எனப்படும், அரிய உயிரினங்களோ நில அமைப்போ உள்ள இடங்கள்), உள்ளூர் இயற்கைக் காப்பகங்கள் போன்றவை. இவற்றுக்கான பாதுகாப்பு வேறு சட்டங்களாலோ திட்டமிடல் கொள்கையாலோ முன்பே உள்ளது. மற்றது, எதிர்காலத்தில் முக்கியமாகக்கூடியவை. குழப்பமே இங்கேதான். 'இங்கே வேலிச்செடி வளர்த்தால் பலன் அதிகம்' என்பது பரிந்துரை. செய்யும்படி நில உரிமையாளரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கட்டட அனுமதி தரும்போது கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) இந்த வரைபடத்தையும் கருத்தில் கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அது தானாகத் தடை ஆகாது. உரிமையாளருக்கு ஆதாயமும் உண்டு: வரைபடம் குறித்த இடத்தில் அது குறித்த பணியையே செய்தால், பல்லுயிர் நிகர மேம்பாட்டுக் கணக்கில் (கட்டுமானத்துக்குப் பின் இயற்கை முன்பைவிட மேம்பட வேண்டும் என்ற விதிக்கான கணக்கு) அந்தப் பணிக்குக் கிடைக்கும் அலகுகள், அதாவது வாழிடத்தின் மதிப்பெண், 1.15 மடங்காகும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வரைபடத்துக்குப் பொறுப்பான அமைப்பின் இணையதளத்தில் வரைபடத்தைத் திறந்து, உங்கள் வயல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை மேலும் பகிராதீர்கள்.