லிட்டருக்கு 31

தீபாவளிக்கு முன்னால் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. "ஏங்க, பைக்குக்கெல்லாம் ஜிஎஸ்டி குறைச்சிட்டாங்களாமே. இந்தப் புகைவண்டியைத் தள்ளிவிட்டுட்டு நல்லதா ஒண்ணு எடுத்தா என்ன?" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. "யோசிப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு "மாட்டேன்" என்று அர்த்தம்.

என் வண்டி 1994 மாடல், நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். எந்த வண்டி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். 2010இல் 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போதே அதற்குப் பதினாறு வயது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2014, 2019, 2024 என்று மூன்று முறை அதைக் கூட்டிக்கொண்டு போய் ஆர்டிஓ ஆபீஸில் நிறுத்தியிருக்கிறேன். பசுமை வரியும் கட்டியிருக்கிறேன். அந்த வரியைக் கட்டிய கையோடு ஸ்டார்ட் செய்தபோது வண்டி விட்ட புகையைப் பார்த்து வாட்ச்மேன் சிரித்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்பார்கள். இத்தனை வருடமாக "ஒரு நாற்பது வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்ததில்லை. நான் கடையில் கணக்கு எழுதுகிற ஆள். ஊரார் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி தூக்கம் வராது. சொந்த வண்டிக்கு மட்டும் குத்துமதிப்பு.

சரி, இந்த முறை அளந்தே விடுவோம் என்று பங்கில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினேன். ஸ்பீடோமீட்டரை நம்ப முடியாது, கேபிள் இரண்டு முறை அறுந்து மாற்றியது. அதனால் போன் மேப்பில் தூரத்தைக் குறித்துக்கொண்டேன். மதுரை திருநகரிலிருந்து பழங்காநத்தம், கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணிப் பக்கம் கடை. போக வர 28 கிலோமீட்டர். ஆறு நாள் ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே கழுத்து வரை மறுபடி நிரப்பினேன். வகுத்துப் பார்த்தால் 31.

பங்க் ரசீதின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டேன். மாதம் எல்லாம் சேர்த்து 800 கிலோமீட்டர் ஓடுகிறது. 31 வீதம் கிட்டத்தட்ட 26 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 2,600. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் தனி, அது மாதம் அரை லிட்டர். ஆக 2,780 ரூபாய். புது நாலு ஸ்ட்ரோக் வண்டி அறுபது கொடுத்தால் 13 லிட்டர் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். வீட்டில் காட்டினேன். "பாத்தீங்களா?" என்றாள். அந்த நிமிஷத்தில் விற்றுவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஆனால் ஷோரூமில் சொன்ன விலையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? ஆன்ரோடு ஏறக்குறைய ஒரு லட்சம். 15,000 முன்பணம் கட்டினால் மூன்று வருடத்துக்கு மாதம் 2,800 தவணை. 1,400 ரூபாயை மிச்சம் பிடிக்க 2,800 கட்டுவதா? முழுப் பணத்தையும் கையிலிருந்து கொடுத்தாலும் போட்ட காசு பெட்ரோலில் திரும்பி வர ஆறு வருடம் ஆகும். அதற்குள் அந்த வண்டிக்கு டயர், பேட்டரி, செயின் ஸ்பிராக்கெட் என்று ஒரு சுற்று வந்துவிடும். தினம் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடுகிற டெலிவரித் தம்பிகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். என்னைப் போல 28 கிலோமீட்டர் ஆசாமிகள் "மைலேஜுக்காகத்தான் மாத்துறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். புது வண்டி ஆசை வந்துவிட்டது, அதற்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதான். ஆசை தப்பில்லை. அதைச் சிக்கனம் என்ற பெயரில் எழுதுவதுதான் கள்ளக்கணக்கு.

இந்த மைலேஜ் மோகம் நம் ஊரில் எப்போது பிடித்தது என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1985இல் இரண்டு நூறு சிசி வண்டிகள் இந்தியாவில் இறங்கின. யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக். ஹீரோ ஹோண்டா சிடி 100, நாலு ஸ்ட்ரோக். பெட்ரோலை ஊற்று, மூடியைப் போடு, மறந்துவிடு என்கிற மாதிரி ஒரு விளம்பரத்தோடு வந்தது இரண்டாவது. சம்பளக்காரர் வீடுகளெல்லாம் அதன் பக்கம் போய்விட்டன. முதலாவதின் உற்பத்தி 1996இல் நின்றது. இன்றைக்கு சந்தையில் ஆர்எக்ஸ் 100க்குச் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, அதே காலத்து சிடி 100க்கு என்ன கேட்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் வண்டியை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். டூ ஸ்ட்ரோக் தொடுகிறவர்கள் எங்கள் பக்கம் இவரும் இன்னொருவரும்தான். வந்ததும் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டுமாம். என்னுடையது கண்மை மாதிரி கறுப்பு, தொட்டால் விரலில் பிசுபிசு என்று ஒட்டியது. கார்ப்பரேட்டரைப் பிரித்ததும் "யாரு தம்பி இந்த ஜெட்டைப் போட்டது?" என்றார். எப்போதோ ஒரு மெக்கானிக், "பிக்கப் எகிறும் சார்" என்று சொல்லி பெட்ரோல் வரும் துளை பெரிதான, நம்பர் பெரிய மெயின் ஜெட்டை மாட்டியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிக்கப் எகிறியதா என்பது தெரியவில்லை, பெட்ரோல் எகிறியிருக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. சைலன்சரின் உள்குழாயை உருவி நெருப்பில் காட்டித் தட்டியபோது ஒரு சிரட்டை கரி கொட்டியது.

எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். அடுத்த வாரம் அதே பங்க், அதே கழுத்து. 38.

ஏழு கிலோமீட்டர் கூடியதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், லிட்டராக மாற்றிப் பார்க்கும்வரை. 31லிருந்து 38 ஆனதில் எனக்கு மாதம் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் மிச்சம். அறுபது கொடுக்கும் வண்டி வைத்திருப்பவர் அதே ஐந்து லிட்டரை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அவர் வண்டி 93 கொடுக்க வேண்டும்! மைலேஜ் குறைந்த வண்டியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு அதிகம். "60 வண்டியைக் கொடுத்துட்டு 70 வண்டி எடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்கிற நண்பர்கள், ரசீதைத் திருப்பி ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு லிட்டர்கூட வராது.

இடையில் இ20 வேறு. 2025இல் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாகிவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனால் தரும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகச் செய்து 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 1994 வண்டியை யாரும் எதற்கும் ட்யூன் செய்யவில்லை. ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். டேங்கில் பெட்ரோலை நாள்கணக்கில் தேக்கி வைக்கக் கூடாதாம், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம்.

ஆக, வண்டியை வைத்துக்கொள் என்று கணக்கு சொல்லிவிட்டது. இத்தோடு பதிவை முடித்திருப்பேன். 38 என்று வீட்டில் அறிவித்தபோது, "கணக்கு சரிங்க. நான் மைலேஜைப் பத்திப் பேசவே இல்லையே, புகையைத்தானே சொன்னேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் ஆமாம். அவள் முதலில் சொன்னதே புகைவண்டி என்றுதான். மைலேஜைக் கொண்டுவந்தது நான்.

மறுநாள் கோரிப்பாளையத்தில் சிக்னலுக்காக நின்றேன். இடது கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டி தெரிந்தது. ஓட்டிய பெண் துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக் கட்டியிருந்தார். முன்னால் நின்றுகொண்டிருந்த பையனுக்கு நாலைந்து வயது இருக்கும், யூனிஃபார்ம், கழுத்தில் வாட்டர் பாட்டில். அவன் முகத்தைத் தன் கையால் பொத்தினார். பையன் கையை விலக்கிவிட்டு என் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தான், அது துப்பும் நீலப் புகையை. அந்தச் சிக்னல் எவ்வளவு நேரம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினை அணைத்தேன். பதினைந்து வருடத்தில் அங்கே அணைத்தது அதுதான் முதல் முறை.

டூ ஸ்ட்ரோக் ஏன் குடிக்கிறது என்பதை அண்ணன் ஒரு பழைய சிலிண்டரை வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். எரிந்த புகை வெளியே போகும் துவாரமும் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் துவாரமும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். உள்ளே வருகிற கலவைதான் புகையைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். தள்ளுகிற வேகத்தில் அதில் ஒரு பங்கு தானும் வெளியே ஓடிவிடும், எரியாமலே. கார்ப்பரேட்டர் வைத்த சின்ன டூ ஸ்ட்ரோக்குகளில் இது கால்பங்கு வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும் போகும். ட்யூனிங் நன்றாக இருந்தாலும் இதை அறவே நிறுத்த முடியாது, அந்த இன்ஜினின் பிறப்பு அப்படி. கால்பங்கு என்றே வைத்துக்கொண்டால், நான் ஊற்றுகிற 21 லிட்டரில் மாதம் ஐந்து லிட்டர் பச்சைப் பெட்ரோலாகவே பின்னால் வருகிறவர்கள் மூக்குக்குப் போகிறது. ஆயிலும் சேர்த்து. என் கணக்கில் "மைலேஜ் இல்லை" என்று நான் எழுதிய அதே பெட்ரோல்தான் அந்தப் பையன் மூச்சில் இருந்தது.

ஊரில் பஸ் விடாத புகையா, குப்பை எரிக்காத புகையா என்று கேட்பீர்கள். நானும் பத்து வருடம் அதைத்தான் கேட்டேன்.

விற்பது என்று முடிவானதும் நடந்ததுதான் பெரிய கூத்து. நண்பரிடம் வாய்விட்ட மறுநாளே ஒரு கல்லூரிப் பையன் வந்துவிட்டான், விருதுநகரிலிருந்து. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்டான். சைலன்சர் ஒரிஜினலா என்றான். குனிந்து டேங்கின் அடியில் டார்ச் அடித்தான். "ஒரு கிக் அடிங்கண்ணே." அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், கச்சேரியில் உட்கார்ந்த மாதிரி. "எண்பது தர்றேண்ணே" என்றான். எண்பதாயிரம்! பதினைந்து வருடம் ஓட்டித் தேய்த்த வண்டிக்கு, வாங்கிய விலையைப்போல ஆறு மடங்கு. 38,000 ரூபாய்க்கு நல்ல நிலையில் ஒரு 110 சிசி செகண்ட்ஹேண்ட் பார்த்து வைத்திருக்கிறேன். அதை எடுத்தாலும் கையில் 42,000 நிற்கும். மைலேஜ் இல்லாத வண்டி இவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்று எந்தக் கணக்கிலும் நான் எழுதியிருக்கவில்லை.

அவனும் பின்னால் வருகிறவர்கள்மேல் புகை விடத்தானே போகிறான் என்று வீட்டில் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை மட்டும்தாண்ணே எடுப்பேன், மத்த நாள் கவர் போட்டு வச்சிருவேன்" என்று அவன் சொன்னதைச் சொன்னேன். பாதி நம்பினாள். நானும் பாதிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். "பணத்தைத் தர்றேன், பேர் மாத்துறதை நானே பாத்துக்கிறேண்ணே" என்றான். அது நடக்காது தம்பி என்றேன். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். நாலைந்து கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில்கூட, பதிவேட்டில் பெயர் இருந்தவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தெல்லாம் முடித்து, இன்சூரன்ஸையும் அவன் பெயருக்கு மாற்றிய பிறகுதான் சாவி. முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் பத்து மணிக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நாலு முறை போன் வந்துவிட்டது. ஹெட்லைட் ரிங் கம்பெனிதானா, டூல்ஸ் பாக்ஸ் மூடி இருக்கிறதா, ஹாரன் பழையதா, டேங்க் ஸ்டிக்கர் அந்தக் காலத்ததா. மைலேஜ் எவ்வளவு என்று இந்த நிமிஷம் வரை அவன் கேட்கவில்லை. கேட்டால் முப்பத்தெட்டு என்று சொல்லலாம் என்று ரசீதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.