விண்ணப்பம் எழுதும் சனிக்கிழமைகள்

ஏழு வருடமாக எங்கள் ஊரில் ஒரு திருநங்கையர் குழுவுக்கு நிதி உதவி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் தொழில். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வேலை முடிந்ததும் நேராக, குழுவில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்தவர் வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். இதுவரை பதினான்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மூன்று கிடைத்தது. கிடைக்காமல் போன பதினொன்றும் ஏன் போயின என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். போன வாரம் அந்த நோட்டைப் புரட்டியபோது இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பதினொன்றில் எட்டு, நாங்கள் என்ன செய்ய நினைக்கிறோம் என்பதை யாரும் படிப்பதற்கு முன்பே திரும்பியவை. பதிவு இல்லை, பான் இல்லை, 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குப் பதிவு) இல்லை, 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இல்லை, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு இல்லை. இரண்டுக்குப் பதிலே வரவில்லை. திட்டத்தைப் படித்துப் பார்த்து, இது சரிவராது என்று சொன்னது ஒன்றே ஒன்று.

என் கருத்து இதுதான். திருநங்கையர், திருநம்பியர் குழுக்களுக்கு உதவ நினைக்கும் யாரும், பணத்தைக் கேட்பதற்குத் தேவையான தாள்களைச் சேர்க்க முதலில் உதவ வேண்டும். செலவை ஏற்றும் உதவலாம், கூட உட்கார்ந்தும் உதவலாம். அது நடக்காதவரை, 'விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன' என்ற அறிவிப்பு ஏற்கெனவே அலுவலகமும் ஆட்களும் உள்ள அமைப்புகளுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

தாள் என்றால் வெறும் தாள்தானே என்று நானும் நினைத்திருந்தேன். 2021இல் அறக்கட்டளை பதிவு செய்ய உட்கார்ந்தோம். மூன்று பேர் அறங்காவலர்கள். அக்காவுக்குத் திருநங்கையர் நல வாரிய அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் பெற்றோர் வைத்த ஆண் பெயர். பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்தவர், ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை வீட்டார் எப்போதோ எடுத்துவிட்டார்கள். இரண்டாமவருக்கு ஆதாரில் புதுப் பெயர், பான் கார்டில் பழைய பெயர். மூன்றாமவர் தன்னை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மாவின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டவர். ஒரு கார்டில் அந்த இனிஷியல், இன்னொன்றில் அப்பாவுடையது.

பத்திரம் எப்படியோ பதிவாகிவிட்டது. வங்கிக் கணக்கு திறக்கப் போனபோதுதான் சிக்கினோம். "பத்திரத்துல கையெழுத்துப் போட்ட ஆளும் நீங்களும் ஒரே ஆள்தான்னு எதை வச்சு நம்புறது?" என்று கவுன்ட்டரில் உரக்கக் கேட்டார்கள். பின்னால் வரிசையில் பத்துப் பேர். அக்கா பழைய பெயரைச் சொல்ல வேண்டி வந்தது. இருபத்தைந்து வருடமாக யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, இதுக்குக் கடை கேட்கவே போயிருக்கலாம்" என்றார். கடை கடையாகப் போய்க் காசு கேட்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை.

இப்படி முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டோம். திருநர் உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கான 2020 விதிகளும் வந்தபின், தேசிய இணையதளத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தால் மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தரும் முறை வந்தது. எங்கள் மூன்று பேரும் 2022இல் வாங்கினார்கள். அப்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்கப்படவில்லை. அந்தச் சான்றிதழை வைத்து ஆதார், அதன்பின் பான், அதன்பின் திருத்தப் பத்திரம், கடைசியில் வங்கி. அதை முதலிலேயே செய்திருந்தால் எட்டு மாதமும் அந்தக் கவுன்ட்டர் அவமானமும் மிச்சமாகியிருக்கும். நோட்டரி, பத்திரம், பேருந்து, வேலைக்குப் போகாத நாட்கள் என எல்லாம் சேர்ந்து ஆன செலவை எந்தக் கொடையாளரிடமும் கேட்க முடியாது. கேட்பதற்கே பதிவு வேண்டும்.

பதிவு வந்தபின்னும் காத்திருக்க வேண்டும். நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதியைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பின்தங்கிய பிரிவினரின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, அதனால் எங்கள் மாதிரி குழுக்களுக்குத் தாராளமாகத் தரலாம். ஆனால் வாங்கும் அறக்கட்டளை அதற்கென்று பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டிருக்க வேண்டும், அதற்கு 12ஏ, 80ஜி, மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். வெளிநாட்டுப் பணம் இன்னும் தூரம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு கேட்க, மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். அவ்வளவு செலவழிக்க முடிந்த குழு எதற்கு என் வீட்டு லேப்டாப்பை நம்பி இருக்கப்போகிறது? முன்பெல்லாம் ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கி, அதில் ஒரு பங்கைச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துத் தரும். 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி அப்படி மாற்றித் தருவதையே தடுத்துவிட்டார்கள். ஊர் அளவில் இயங்கிய பல குழுக்களுக்கு இருந்த ஒரே வாசல் அது. இதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2008லேயே நல வாரியம் வந்துவிட்டது. சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் வரை மானியம், நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை எல்லாம் உண்டு. எங்கள் குழுவில் இரண்டு தையல் மிஷின் அந்த மானியத்தில் வந்தவை. கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கையருக்கு வீடும், மாடும், தங்களுக்கென்று பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். அங்கே மாவட்ட நிர்வாகம் கூடவே நின்றது. எல்லா மாவட்டத்திலும் அப்படி அமைவதில்லை. தனி ஆளுக்கு வரும் மானியத்தில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு நடுராத்திரி பேருந்து நிலையத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு அறை எடுத்துத் தர முடியாது. அதற்குக் குழுவின் கையில் பணம் இருக்க வேண்டும்.

அடுத்து, படிவம் கேட்கும் கேள்விகள். இந்தச் சமூகத்துக்கு வந்த நிதியில் நெடுங்காலம் பெரும்பங்கு எச்ஐவி தடுப்புக்காக வந்தது. அந்தப் பணம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பணம் கேட்க வரும் திருநங்கை, 'ஆபத்துள்ள பிரிவு' என்றோ 'பாதிக்கப்பட்டவர்' என்றோ தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு படிவத்தில், 'பயனாளி ஒருவரின் வாழ்க்கைக் கதையை 500 சொற்களில் எழுதுக, புகைப்படம் இணைக்கவும்' என்று இருந்தது. நிர்வாணம் (பாலினம் மாற்றும் அறுவை) செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று இன்னொன்றில் ஒரு கட்டம். தையல் பயிற்சிக்கு அது எதற்கு?

முதல் இரண்டு வருடம் நானும் அப்படிக் கதை எழுதிக் கொடுத்தேன். அடிபட்டது, துரத்தப்பட்டது, பட்டினி கிடந்தது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒருமுறை எழுதியதைப் படித்துக் காட்டியபோது குழுவில் சின்னவள் ஒருத்தி, "அண்ணே, இதுல நான் டிப்ளமோ முடிச்சது எங்க?" என்று கேட்டாள். நான் அதை எழுதவே இல்லை. அழுகைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறோம். அவர்கள் பேசுவார்கள், நான் தட்டச்சு செய்வேன், அனுப்புவதற்கு முன் முழுவதையும் தமிழில் படித்துக் காட்டுவேன், வேண்டாம் என்று யார் சொன்னாலும் அந்த வரி போய்விடும். கிடைத்த மூன்றில் இரண்டு இந்த முறைக்குப் பிறகு கிடைத்தவை.

அவற்றில் ஒன்றை முழுவதும் தமிழிலேயே அனுப்பினோம். அக்கா போனில் பேசிப் பதிவு செய்த பத்து நிமிடக் குரலையே திட்ட விளக்கமாக ஏற்றுக்கொண்டார்கள். நிதி தருபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதை யோசியுங்கள். வாடகையும் சம்பளமும் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பயிற்சிக்கு வரும் இருபது பேருக்கு டீ, வடை உண்டு, ஆனால் பயிற்சி தரும் அக்காவுக்குச் சம்பளம் கிடையாது என்ற பட்ஜெட்டை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் கை கூசும்.

இன்னொன்று, ஒரே இடத்துப் பணத்தை நம்பி இருப்பது. ஐதராபாத்தில் 2021இல் திருநர் சமூகத்துக்கென்றே மித்ர் கிளினிக் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களிலும் திருநர்கள் இருந்தார்கள். அமெரிக்க உதவி நிதியில் நடந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், அங்கேயும் புனே, கல்யாண் ஊர்களிலும் மூன்று கிளினிக்கையும் மூட வேண்டி வந்தது. ஐதராபாத்தில் இருந்தது சில மாதம் கழித்து, உள்நாட்டு உதவி கிடைத்து வேறு பெயரில் திறந்தது. நடுவில் மருந்துக்காக வந்து கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை நினைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பணம் சிறியதாக இருந்தாலும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான். விண்ணப்பம் போட்டுக் கிடைத்தவை போக எங்களுக்கு வரும் இன்னொரு உதவி, இதே ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாதம் நாலாயிரம் ரூபாய் தருவது. அதில்தான் அறை வாடகை ஓடுகிறது. அவர் படிவம் கேட்கவில்லை, மாதாமாதம் கணக்கு நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

பதினைந்தாவது விண்ணப்பம் இப்போது பாதியில் நிற்கிறது. இந்த முறை மூன்று வருடக் கணக்கு கையில் இருக்கிறது. வவுச்சர் எல்லாம் அக்காவே தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறார், எங்கள் அலுவலகத்தில்கூட அவ்வளவு சுத்தமாக ஒட்டுவதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்கும். கணக்கோ பத்திரமோ தெரிந்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் மாதம் ஒரு மாலை அவர்களோடு உட்காருங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நாங்கள் பயன்படுத்தும் தாள்களின் பட்டியலை அனுப்புகிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் பதில் தாமதமாகும்.