ஒன்றேகால் இலட்சமும் இருநூறு சிரிப்பும்

முந்தநாள் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஒன்லைன் கடை ஒன்றுக்கு நான் கொடுத்த கொட்டேஷனை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டு, "ஒரு வெப்சைட்டுக்கு ஒன்றேகால் இலட்சமாம், திருகோணமலையில சிலருக்கு வந்த வாழ்வைப் பாருங்கோ" என்று ஒரு அண்ணன் எழுத, இருநூறு பேருக்கு மேல் சிரித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் சொந்த மச்சானும் அதில் ஒருவன். பரவாயில்லை.

சண்டை பிடிக்க வரவில்லை. ஒரே விஷயம்தான்: ஒன்லைன் கடையைக் கட்டுவது செலவில்லை. அதைத் திறந்து வைத்திருப்பதுதான் செலவு.

வெப்சைட் கட்டுகிற வேர்ட்பிரஸ் இலவசம். அதில் கடை போடுகிற வூகொமர்ஸும் இலவசம். பிறகு காசு எதற்கு? ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட் இருக்கிற இடத்தின் வாடகைக்கு, நான் டொலரில் கட்டுகிறேன். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதம் 360. கடையில் ஒரு படம்கூட மாறவில்லை, பில் மட்டும் ஏறியது. கடையை ஆயத்தமாகவே வாடகைக்குத் தருகிற ஷொப்பிபைக்குப் போனால் சின்னக் கடைக்கும் மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். விற்றாலும் அதுதான், விற்காவிட்டாலும் அதுதான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் பேபாலில் காசு போடுவார் என்கிறீர்கள். இலங்கைப் பேபால் கணக்கிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது. அதேபோல ஒன்லைனில் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் இந்த நாட்டுக்கு வரவே இல்லை. வங்கி அட்டைக் காசை வாங்கித் தருகிற உள்ளூர் கேட்வே எடுக்கப் பெரும்பாலும் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்கு ஒரு பங்கு.

உப்புவெளிப் பக்கம் ஒரு அக்காவுக்குக் கருவாட்டுக் கடை செய்து கொடுத்தேன். என் முதல் வேலை. சாமான் பட்டியலை பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தார். கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. நெத்தலியில் தொடங்கி ஒவ்வொன்றையும் கூகுளுக்கு விளங்குகிற யூனிகோடுக்கு மாற்றி, படம் எடுத்து, நிறை போட்டு முடிக்க இரண்டு கிழமை. (கருவாட்டை வடிவாகப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.) முதல் பார்சலின் மணம் தாங்காமல் கூரியர்க்காரர் இரண்டாவதை ஏற்கவில்லை. பிறகு இரட்டை பொலித்தீன், பெட்டி. அதுவும் காசு. மட்டக்களப்புக்கு ஒரு கேஷ் ஒன் டெலிவரி போனது. வாங்க வேண்டியவர் போனை எடுக்கவே இல்லை. எட்டு நாள் கழித்துப் பார்சல் திரும்பி வந்தது. போன கூலியும் வந்த கூலியும் அக்காவின் தலையில், கருவாடு குப்பையில். இதெல்லாம் எந்தக் கொட்டேஷனில் வரும்?

"மருமகன் சும்மா செய்து தருவான்" என்று ஒரு கொமென்ட். தாராளமாகச் செய்யட்டும். மருமகன் தன் ஈமெயிலில் டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, எடுப்பார், கனடா போவார், அடுத்த வருஷம் டொமைன் காலாவதியாகும். அப்போது இரவு பதினொரு மணிக்கு "தம்பி, கடை திறக்குதில்லை" என்று எனக்குத்தான் கோல் வரும். வந்திருக்கிறது.

"யூடியூப் பார்த்தே செய்யலாமே." செய்யுங்கள்.

"பேஸ்புக் பேஜும் வட்ஸ்அப்பும் போதாதா?" இதுதான் நியாயமான கேள்வி. பலருக்குப் போதும். ஒரு நாளைக்கு மூன்று ஓடர் வருகிறவருக்கு வெப்சைட் வீண். கிண்ணியாத் தயிர்ச் சட்டியை யாரும் கொழும்புக்குக் கார்ட்டில் சேர்த்து வாங்கப் போவதில்லை. ஓடர் கூடி, கடையில் விற்று முடிந்த சாமானை வட்ஸ்அப்பிலும் விற்று, இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கத் தொடங்கும்போதுதான் வெப்சைட்டின் பெறுமதி தெரியும். அதுவரைக்கும் வேண்டாம் என்று சொல்கிற ஆள்தான் நான்.

அப்பாவுக்கு மத்திய வீதியில் சின்னக் கடை இருந்தது. காலை ஆறரைக்குப் பலகை திறப்பார். காய்ச்சல் என்றால் அம்மா போய் இருப்பா. கடன் கொப்பியை இரவில் நான்தான் கூட்டிப் பார்ப்பேன். அந்தக் கடையின் விலை என்ன என்று யாராவது கேட்டால் கட்டடத்தின் விலையையா சொல்வது? ஒன்லைன் என்றதும் மட்டும் எல்லோருக்கும் பலகையும் ஆணியும்தான் கண்ணில் படுகின்றன.

கொழும்புக் கம்பனி ஒன்று நாலு இலட்சம் கேட்டபோது இதே ஊரில் ஒருவர் மறுபேச்சில்லாமல் கட்டினார். கட்டியவர் யார் என்று சிரித்தவர்களில் சிலருக்குத் தெரியும். அங்கே ஏசி அறை, தேநீர், ஆங்கிலம். இங்கே நான் மோட்டார் சைக்கிளில் உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் ஹோலில் இருந்து, உங்கள் பாஷையில் விளங்கப்படுத்தினேன். அதுதான் பிழையோ தெரியவில்லை.

அண்ணன், ஸ்கிரீன்ஷொட்டில் கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். "இப்போதைக்கு இது உங்களுக்குத் தேவையில்லை. ஆறு மாதம் வட்ஸ்அப்பிலேயே விற்றுப் பாருங்கள், லிஸ்ட் போடுவதற்கு நான் காசு வாங்காமல் உதவுகிறேன்" என்று அதில் எழுதியிருந்தேன். முழுப் படத்தையும் கீழே முதல் கொமென்டில் போட்டிருக்கிறேன். மச்சான், நீயும் பார்.